அரசு விடுதியில் இசக்கியம்மாளின் சிறுவாடு

எங்கள் மாவட்டத்தில் மறந்துபோன பணத்தை அரசு ஒரு விடுதியில் வைத்துப் பராமரிக்கிறது. பத்து வருடம் யாரும் தேடாத பணம் அங்கே போய்விடும். கட்டில் உண்டு, மூன்று வேளைச் சாப்பாடு உண்டு. உரியவர் வந்து கூப்பிட்டால் எழுந்து கூடப் போகும். மூன்று தடவை கூப்பிட்டும் வராத பணத்தை அன்று மாலையே சுவரில் வைத்துப் பூசிவிடுவார்கள். விடுதியின் சுற்றுச்சுவர் அப்படி வளர்ந்ததுதான்.

என் மனைவி இசக்கியம்மாளின் பணம் அறுபத்திரண்டாயிரம் அங்கே இருப்பதாகச் செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. இட்லி மாவு விற்று எனக்குத் தெரியாமல் சேர்த்த சிறுவாடு. ஒளித்துவைத்த பக்குவத்தில் அவளே மறந்துவிட்டாள். அவளைக் கேட்கவும் வழியில்லை. இதய வால்வு பழுதாகி, மூக்கில் குழாயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மறுநாள் நான்கு மணிக்குள் அறுபதாயிரம் கட்டினால் ஆபரேஷன். இல்லாவிட்டால் அவள் முறை அடுத்தவருக்குப் போய்விடும். பிறகு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அவ்வளவு நாள் தாங்கமாட்டாள் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லியிருந்தார்.

புதன்கிழமை ஒரு மணிக்கு விடுதிக்குப் போய்ச் சேர்ந்தேன். காப்பாளர் திலகவதி அம்மா கடிதத்தையும் ரேஷன் கார்டையும் சரிபார்த்துவிட்டு ஓர் அறைக்கு அழைத்துப் போனார். நடுவில் ஒரு நாற்காலி கிடந்தது.

"பேசுங்க. உங்க வீட்டுப் பணம்தான் உக்காந்திருக்கு."

நாற்காலி காலியாக இருந்தது. அதைச் சொன்னேன்.

திலகவதி அம்மா நாற்காலிப் பக்கம் குனிந்து காது கொடுத்தார். "சிறுவாட்டுப் பணம் எல்லாம் இப்படித்தான். 'அவுக கண்ணுல பட்டுராத'ன்னு சொல்லியே வளத்திருக்காங்க. படமாட்டேங்குது."

"வீட்டுக்காரர் நானே நேர்ல வந்திருக்கேன்னு சொல்லுங்கம்மா."

"அதுனாலதான் படமாட்டேங்குது."

முதல் தடவை கூப்பிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டை நாற்காலிக்கு நேராக நீட்டி, இரண்டாவது தடவை கூப்பிட்டேன். திலகவதி அம்மா மறுபடியும் குனிந்து கேட்டார்.

"அன்னைக்கும் ஆஸ்பத்திரிச் செலவுன்னுதான் சொன்னியளாம்."

அது உண்மை. பருப்பு டப்பாவில் அவள் வைத்திருந்த நாலாயிரத்தை, அவளுடைய அம்மா வைத்தியத்துக்கு என்று வாங்கிப் போய்ச் சீட்டாடித் தொலைத்தேன். அரிசிப் பானையிலும் சாமி படத்துக்குப் பின்னாலும் எடுத்தது தனிக்கணக்கு. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை எட்டிப் பார்க்குமா? எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. மணி இரண்டரை. ஜன்னலுக்கு வெளியே கொத்தனார் கலவை குழைத்துக்கொண்டிருந்தார். என்னை ஒரு தடவையும் நாற்காலியை ஒரு தடவையும் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார்.

மூன்றாவது தடவைக்கு வாயைத் திறந்தேன். திலகவதி அம்மா கையைக் காட்டித் தடுத்தார்.

"அவசரப்படாதிய. அந்தம்மாவோட அண்ணன் வந்து கூப்பிட்டா வருமாம்."

"அவளுக்கு அண்ணனே கிடையாதும்மா. ஒத்தப் புள்ள."

அவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். "ஆமா, அண்ணன் இடம் காலியாத்தான் இருக்கு. நீங்களே எழுதிக் குடுக்கலாம். ஆனா புருஷன் பதவிய ராஜினாமா பண்ணிரணும். ஒரே ஆளு ரெண்டையும் வச்சுக்கிட முடியாது."

"பெறகு திரும்ப வாங்கிக்கிடலாமா?"

"அவங்களா வந்து கேட்டு எழுதுனா பாக்கலாம்."

இருபத்தாறு வருடத்துப் பதவி. பேனாவை வாங்கினேன். 'காரணம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் 'சொந்தக் காரணம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் முத்திரை குத்தினார். நாற்காலியில் அறுபத்திரண்டாயிரம் ரூபாய் உட்கார்ந்திருந்தது. பெரும்பாலும் பத்தும் இருபதுமாக, மாவு வாடையோடு. மூன்றாவது தடவை கூப்பிட்டேன். எழுந்து வந்தது.

பஸ்ஸில் இரண்டு டிக்கெட் எடுத்தேன். அது ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டது. ரயில்வே கேட் மூடிக் கிடந்த பதினோரு நிமிடமும் நான் கடிகாரத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. மூன்று ஐம்பத்தைந்துக்கு ஆஸ்பத்திரியில் பணத்தைக் கட்டினேன். சம்மதப் படிவத்தில் உறவுமுறை கேட்டிருந்தார்கள். 'அண்ணன்' என்று எழுதினேன். நர்ஸ் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார்.

இசக்கியை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தியேட்டர் வாசலில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். முகம் தெளிந்தது. என்னைப் பார்த்து அவள் முகம் அப்படித் தெளிந்து நான் கண்டதில்லை.

"அண்ணே, வந்துட்டியளா" என்று என் விரலைப் பிடித்தாள். "மிச்சம் ரெண்டாயிரம் இருக்கும். நீங்களே வச்சிக்கிடுங்க. அவுக வந்து கேட்டா இல்லன்னு சொல்லிருங்க."

"அவன் வந்தா நான் பாத்துக்கிடுதேன் தாயி" என்றேன்.