சனத்தொகை எழுநூற்று முப்பத்தெட்டு

கைகள் உயர்ந்துகொண்டிருக்கின்றன, பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில், முன்வரிசையில் ஒன்று, சன்னலோரம் மூன்று, தபால்காரியின் கை, பேக்கரிக்காரனின் கை, பரஞ்சோதியின் வலது கை மட்டும் முழங்காலின் மேல் கிடக்கிறது, ஏழு வருடமாகியும் அது அங்கேயேதான் கிடக்கிறது, பல் துலக்கும்போதும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போதும் அவர் அதைப் பார்க்கிறார், தன் கைதானா என்று பார்க்கிறார். அந்தச் சுவிஸ் ஊரில் பிரஜாவுரிமை கேட்டவரை வெளியே நிறுத்திவிட்டு, ஊர்ச்சபையில் கூடியவர்கள் கை உயர்த்தித் தீர்ப்பார்கள், அதுதான் வழக்கம், பரஞ்சோதிக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள், அந்த ஊரின் முதல் தமிழ்ப் பிரஜை அவர், இரண்டாவதாகக் கேட்டவன் நேசராசா, முதியோர் இல்லச் சமையலறையில் அவரோடு உருளைக்கிழங்கு உரித்தவன், உரித்துக்கொண்டே, பிரஜாவுரிமைக் கேள்விகளுக்காக அவரிடம் ஊரைப் பாடமாக்கியவன், விஸ்தீரணம் ஆறு சதுர கிலோமீட்டர், பாதி புல்வெளி, காடு நூற்றுக்கு நாற்பத்தொன்று, வீடும் வீதியும் ஏழு, மிச்சம் நூற்றுக்கு இரண்டு, பாறையும் ஓடையும், பயன்படாத நிலமாம் அண்ணை, அதையும் விடாமல் அளந்து வைச்சிருக்கினம் பாருங்கோ என்று சிரிக்கிறான், சரி, சனத்தொகை எவ்வளவு, சொல்லு பாப்பம், எழுநூற்று முப்பத்தெட்டு, உன்னையும் சேத்தோ, என்னையும் சேத்துத்தான் அண்ணை, எண்ணேக்க சேப்பினம்தானே, பாஸ்போட் கிடைச்ச அடுத்த கிழமையே அம்மாவைப் பாத்திட்டு வந்திடுவன், பதினாலு வருசமாச்சு, அகதிப் பத்திரத்தோடு பிறந்த ஊருக்குப் போக முடியாதென்பது இருவருக்கும் தெரியும், வாளிக்குள் கிழங்கு விழும் சத்தம் இப்போதும் கேட்கிறது.

ஆதரிப்பவர்கள் கை உயர்த்துங்கள் என்று தலைவர் சொன்னார், சொல்கிறார், பரஞ்சோதி முதலில் பக்கத்துக் கதிரையைத்தான் பார்க்கிறார், அங்கே மாட்டுப்பண்ணைக் கஸ்பர், கைகளைக் கட்டிக்கொண்டு இருக்கிறார், தான் முந்திக்கொண்டு உயர்த்தினால் தமிழனுக்குத் தமிழன் தூக்குகிறான் என்று மண்டபமே திரும்பிப் பார்க்குமே, இன்னும் நாலு கை உயரட்டும், கூட்டத்தோடு கூட்டமாக உயர்த்திவிடலாம், நாலு உயர்ந்தது, பத்து உயர்ந்தது, கஸ்பரும் கட்டியிருந்த கையைப் பிரித்து உயர்த்திவிட்டார், இனி உயர்த்தினால் இவ்வளவு நேரம் யோசித்தானா என்று கஸ்பர் நினைப்பாரே, அதற்குள் எண்ணுகிறவள் அந்த வரிசையைக் கடந்து போய்விட்டாள், ஆதரவு முப்பத்தொன்று, எதிர்ப்பு முப்பத்துமூன்று, எதிர்ப்புக்கும் அவர் உயர்த்தவில்லை, உயர்த்தவில்லைத்தான், தன் ஒரு கையால் என்ன ஆகியிருக்கும், அப்போதும் தோல்விதானே என்று எத்தனை தரம் கூட்டிக் கழித்தாலும் முகம் சுடுகிறது, கூனிக் குறுக வைக்கிற வெட்கம், மனைவியிடம்கூடச் சொல்லாத வெட்கம்.

கதவைத் திறந்து நேசராசாவை உள்ளே கூப்பிட்டார்கள், கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான், முடிவைக் கேட்டுவிட்டு எல்லோருக்கும் தலையாட்டினான், நேரே அவரிடம் வந்தான், இனி நாலு வருசம் கழிச்சுத்தான் கேக்கலாமாம் அண்ணை, முப்பத்தொரு பேர் கை தூக்கினவையாம், மற்ற முப்பதும் ஆரெண்டு தெரியாது, ஒண்டு நீங்கள், எனக்கு அது ஒண்டே காணும், பரஞ்சோதி ஓம் என்றார், ஓமடா தம்பி என்றார், அந்த ஓமை இன்றுவரைக்கும் அவரால் விழுங்க முடியவில்லை. அடுத்த தை மாதம் நேசராசாவின் அம்மா செத்துப்போனா, செத்தவீட்டு வீடியோவை அவன் வீட்டுச் சோபாவில் அவனுக்குப் பக்கத்திலிருந்து பரஞ்சோதி பார்த்தார், பெட்டியைத் தூக்கும்போது அவன் அவருடைய வலது கையைத்தான் இறுக்கிப் பிடித்தான், அது அப்போதும் பேசாமல் கிடந்தது, ஆறு சதுர கிலோமீட்டரில் நூற்றுக்கு இரண்டு பயன்படாத நிலம், அதைத் தன்னில் எங்கே வைத்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியும்.

காலையில் பஸ் தரிப்பில் நிற்கிறார், வீதிக்கு அந்தப் பக்கம் நேசராசா, அண்ணை என்று கையை உயர்த்துகிறான், பரஞ்சோதியின் வலது கை உடனே உயர்கிறது, தோளுக்கு மேலே, தலைக்கு மேலே, மண்டபத்தில் எவ்வளவு உயர்ந்திருக்க வேண்டுமோ அவ்வளவு உயர்கிறது, நடுவே பஸ் வந்து அவனை மறைத்த பிறகும், எண்ணுவதற்கு ஒருவருமில்லாத அந்த வீதியோரத்தில், இறங்காமல் நிற்கிறது.