அவள் ஓடி வரவில்லை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் அந்தப் படம் போட்டார்கள். கோகிலவாணி முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆறு நாள் தேயிலைச் சரிவில் நின்று கொழுந்து கிள்ளிய கால். ஏழாம் நாள் மடக்கினால் நீட்ட வருவதில்லை. வயது நாற்பத்தாறுதான். முதல் பாட்டு காதில் விழுந்ததும் தைலக் கையோடு நிமிர்ந்தாள்.

பதினாறு வயதில் கோத்தகிரி கொட்டகையில் அதை நான்கு தடவை பார்த்தவள். பட்டணம் போய்ப் பாடகனாகும் கணவன், ஏழு வருடம் காத்திருக்கும் மனைவி. கடைசியில் அவன் திரும்பி வருவான். அவள் ஓடிப்போய் அவன் மார்பில் விழுவாள். அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் தேம்பித் தேம்பி அழுதிருக்கிறாள். தானும் ஒருத்தனுக்காக அப்படிக் காத்திருக்க வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டாள்.

ஆசைப்பட்டது நடந்தது. மகள் ரஞ்சனிக்கு எட்டு வயதானபோது கோகிலவாணியின் புருஷன் தினகரன் திருப்பூருக்கு வேலைக்குப் போனான். முதலில் போன் வந்தது, பிறகு அதுவும் நின்றது. அங்கே வேறொருத்தியோடு இருப்பதாகச் சொன்னார்கள். பதினோரு வருடம் கழித்து, போன ஆடியில், மஞ்சள் காமாலையில் வற்றிய உடம்போடு தோட்டத்து லைன் வீட்டு வாசலில் வந்து நின்றான். அவள் ஏசவில்லை. அடுப்பில் வெந்நீர் வைத்தாள். தங்கமான மனசு என்று லைனே பேசியது.

இப்போது அவனும் கட்டிலோரம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படம் பார்த்தான். அந்தக் காலத்தில் படத்தில் பாடுகிற கணவனை விட்டுக் கோகிலவாணி கண்ணை எடுத்ததில்லை. இன்று பார்வை படத்து மனைவியிடமே நின்றது. அவள் தண்ணீர் சுமந்தாள், மாவாட்டினாள், மாமியாரைக் குளிப்பாட்டினாள். அவன் ஒரு பாட்டைப் பாடி முடிப்பதற்குள் அவளுக்கு இரண்டு வருடம் போய்விட்டது.

கடைசிக் காட்சி வந்தது.

"இப்ப ஓடி வருவா பாரு," என்றான் தினகரன்.

திரையில் அவள் ஓடவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். வாசல்வரை நடந்தாள். ஓடி வந்தவன் அவன்தான். அவள் தலை அவன் தோளில் சாய்ந்தது. அந்த முகத்தில் சிரிப்பில்லை, அழுகையுமில்லை. நாளெல்லாம் நின்றவள் சுவரில் சாய்கிற மாதிரி சாய்ந்தாள்.

"ஓடுவாளே? அந்த எடத்த வெட்டிட்டாங்களா?"

"வெட்டலீங்க. அப்பவும் நடந்துதான் வந்திருப்பா. நமக்குத்தான் தெரியல."

விளம்பரம் ஓடியது. தினகரன் அவளைப் பார்க்காமலே சொன்னான்.

"நீ என்னைய மன்னிச்சுத்தான் சேத்துக்கிட்டேன்னு நெனச்சேன், கோகிலா."

"அன்னிக்கு மூணு நடை எல சுமந்துட்டு வந்திருந்தேனுங்க. சண்ட போடத் தெம்பில்ல. அவ்வளவுதான்."

அவன் வெகுநேரம் கம்பளியின் நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"நான் போயிரட்டுமா?"

"இந்த ஒடம்ப வெச்சுக்கிட்டு எங்க போவீங்க? இருங்க. மன்னிச்சிட்டேன்னு மட்டும் நீங்களா நெனச்சுக்காதீங்க. அத நான் இன்னும் சொல்லல."

அவன் தலையாட்டினான். எழுந்துபோய்த் தன் மாத்திரையைத் தானே எடுத்து விழுங்கினான்.

இத்தனை மாதமாக நெஞ்சில் கிடந்தது இரண்டு வரியில் முடிந்துவிட்டதில் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தாள். தூக்கம்தான் வந்தது. காலை மெதுவாக நீட்டி, தலையணையை இழுத்துப் போட்டுக்கொண்டு, டிவியை அணைக்கக்கூடச் சொல்லாமல் கண்ணை மூடினாள்.