விரிப்புக்கு அடியில் ஒன்பது

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: அன்பியத் தலைவர் வேதநாயகம். அவர் மனைவி கிரேசி. போர்ட் பிளேயரின் டெய்ரி ஃபார்ம் பகுதியில், அதே தெருவின் மற்ற கத்தோலிக்கக் குடும்பங்களிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர். பக்கத்து வீட்டு அழகையா, இந்து. ஜெபத்துக்கு வந்தவர் அல்ல, சேமியா பாயசத்துக்கு வந்தவர். வீட்டுக்காரன் நெல்சன். அவன் மனைவி ஜாக்குலின். தலையில் கிரீடம் வைத்த மாதா சுரூபம் ஒன்று. வெள்ளைப் படுக்கை விரிப்புக்கு அடியில், வந்தவர்கள் யாருக்கும் தெரியாமல், ஒன்பது பழைய வேக்குவம் கிளீனர்கள்.

வாரம் ஒரு வீட்டில் தெருக்காரர்கள் கூடி ஜெபம் சொல்வதற்குப் பெயர்தான் அன்பியம். அக்டோபரில் மாதாவும் கூடவே வருவாள். ஒரு வாரம் அந்த வீட்டில் தங்கிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். நெல்சன் வீட்டுக்கு மட்டும் மூன்று வருஷமாக வரவில்லை. கடைசியாக வந்தபோது கிரேசி முன்னறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “மாதாவ எங்கன வைக்க? இந்தக் காயலான் கடையிலயா?” என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நெல்சன் வண்டிகளைத் தீவுக்குத் தீவு ஏற்றிப் போகும் வெஹிக்கிள் ஃபெர்ரியில் வேலை பார்ப்பவன். லாரிக்காரர்களை அதட்டி வரிசையில் நிறுத்துகிற வாய் அவனுக்கு. அந்த வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சிரிப்பையே மூன்று வருஷம் மென்றுகொண்டிருந்தான்.

ஜாக்குலின் ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தவள். டூரிஸ்டுகள் பாதிக் கடற்கரையை அறைக்குள் கொண்டுவந்து விடுவார்கள். கட்டிலில் மணல், ஃபிரிட்ஜில் மணல், தலையணை உறைக்குள் மணல். துடைப்பத்துக்கு மணல் அடங்காது. இங்கே கூட்டினால் அங்கே போகும், அங்கே கூட்டினால் இங்கே வரும். ஒருநாள் மேனேஜர் ஸ்டோரிலிருந்து ஒரு ஆரஞ்சு நிற உருளையை எடுத்துக் கொடுத்தார். மணல் அதன் குழாய்க்குள் சரசரவென்று ஏறிப்போன சத்தம் அவளுக்குப் பிடித்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம். வேறு பெரிய காரணம் ஏதும் கிடையாது. இதைவிட மோசமான பொருள்கள் மேலெல்லாம் மனிதர்கள் ஆசை வைத்திருக்கிறார்கள்.

ரிசார்ட் அந்த உருளையைத் தூக்கிப் போட்டபோது ஜாக்குலின் அதை மடியில் வைத்துக்கொண்டு கப்பலேறி போர்ட் பிளேயர் வந்தாள். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. உடைக்கப்போன ஒரு பழைய பயணிகள் கப்பலின் கேபின் சாமான்களோடு ஏலத்தில் வந்தது, ஆமை மாதிரித் தட்டையான பச்சை மிஷின். அது முன்பக்கம் இழுக்கும், பின்பக்கம் ஊதும். ஷாதிபூரில் ஒரு வங்காளி டாக்டர் வீட்டிலிருந்து வந்தது, துணிப்பை தொங்க நிமிர்ந்து நிற்கும் ஒன்று. ராக்கெட் மாதிரி மூக்கு நீண்ட ஒன்றும் உண்டு. முன்னறைச் சுவரோரம் படிபோல இரண்டு பலகைத் தட்டு அடித்து, எல்லாவற்றையும் உயர வாரியாக நிறுத்தியிருந்தாள். உப்புக்காற்றுக்கு எதுவும் தப்பாது என்பதால் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பாள். எல்லாம் ஓடும். ஓடாததை அவள் தட்டில் ஏற்றியதே இல்லை.

இந்த வருஷம் நெல்சன் வேதநாயகத்திடம் போய், “எல்லாத்தையும் வித்தாச்சு அண்ணாச்சி, மாதாவக் கொண்டாங்க” என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் மனைவியிடம் சொன்னான்.

“ஜெபம் முடிஞ்சதும் பழைய சாமான் எடுக்க கபாடிவாலா வண்டியோட வருவான். அதுவரைக்கும் மூடி வை.”

“மூணு வருஷமா வராத ஆளுங்களுக்காக வீட்டுல இருக்கிறத விக்கணுமா?”

“ஏட்டி, இது வீடு. கோடவுன் இல்ல.”

“வீடுன்னா என்ன இருக்கணும்? கதவுக்குக் கதவு உங்க அழுக்குச் சட்ட தொங்குதே, அதுவா?”

“சலோ, பேச்ச விடு. இன்னைக்கோட முடிஞ்சுது.”

காலையில் கடைசியாக ஒருமுறை ஆரஞ்சு உருளையை ஓட்டிப் பார்த்தாள். சுவர் ஸ்விட்சை அணைத்தாள், பிளக்கைப் பிடுங்க மனம் வரவில்லை. பிறகு பெரிய வெள்ளை விரிப்பை எடுத்து இரண்டு தட்டையும் சேர்த்து மூடினாள். அங்கேதான் தொழில் புத்தி குறுக்கே வந்தது. ரிசார்ட் கட்டிலுக்குச் செய்வதுபோல மூலைகளை மடித்துச் செருகி, மடிப்புகளை நீவிவிட்டு, ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்டிவிட்டாள்.

மாதாவுக்கென்று நெல்சன் எதிர் மூலையில் டீப்பாய் போட்டு அரளிப்பூ வைத்திருந்தான். வாசலில் பாட்டுச் சத்தம் கேட்டது. மாதாவை ஏந்திக்கொண்டு முதலில் நுழைந்த வேதநாயகம், டீப்பாயைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“அடேயப்பா! பீடமே கட்டிட்டீரே, நெல்சன்!” என்றார். நேரே போய் மேல்தட்டில், பச்சை மிஷினின் முதுகு மேடாகத் தெரிந்த இடத்தில், மாதாவை வைத்துவிட்டார்.

“அண்ணாச்சி, டீப்பாயி...”

“டீப்பாய்ல டீய வையும்.”

கிரேசி விரிப்பின் ஓரத்தை விரலால் நீவிப் பார்த்தாள். “சுருக்கம் இல்ல” என்றாள். அவள் வாயிலிருந்து வந்தால் அது பதக்கம்.

இப்படியாக டெய்ரி ஃபார்ம் அன்பியம் ஒன்பது வேக்குவம் கிளீனர்களுக்கு முன்னால் முழங்காலிட்டது. ஜாக்குலினுக்குச் சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து இருமுவதுபோல நடித்தாள். பக்கத்தில் நெல்சன் சட்டை நனைய வேர்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அதுவும் சந்தோஷமாக இருந்தது. வண்டி வரப்போவது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. வீட்டுக்கு வந்திருக்கும் மாதாவிடமே கேட்டுவிடலாம் என்று, இதுகளை எப்படியாவது இங்கேயே இருக்கவிடு என்று ஒரு விண்ணப்பத்தையும் போட்டு வைத்தாள்.

வெளியே மழை, ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. ஜெபமாலையின் ஐந்து தேவ இரகசியங்களில் மூன்றாவதன் நடுவில் கரண்ட் போனது. போர்ட் பிளேயரில் இதற்கெல்லாம் யாரும் ஜெபத்தை நிறுத்த மாட்டார்கள். இருட்டிலேயே சொல்லிக்கொண்டு போனார்கள். சும்மா நின்றிருந்த அழகையா, தன்னால் ஆனதைச் செய்வோம் என்று ஸ்விட்ச் போர்டைத் தடவினார்.

“எமர்ஜென்சி லைட்டு எதுங்க?”

ஜெபம்தான் பதிலாக வந்தது. அணைந்திருந்த ஸ்விட்சுகளை எல்லாம் போட்டுவிட்டார்.

கரண்ட் வந்தபோது முதலில் விளக்கு எரிந்தது. அடுத்து மாதாவின் காலடியிலிருந்து ஒரு உறுமல் கிளம்பியது. ஆரஞ்சு உருளையின் குழாய், கிடந்த இடத்திலிருந்தே விரிப்பைக் கவ்வி உள்ளே இழுத்தது. அத்தனை இறுக்கமாகக் கட்டிய விரிப்பு மொத்தமாக நகர்ந்தது. அதோடு மாதாவும் கூட்டத்தைப் பார்த்து அரையடி முன்னால் வந்தாள்.

“யேசுவே!” என்று பாதிப் பேர் பின்னால் சாய்ந்தார்கள். வேதநாயகம் பாய்ந்து மாதாவைக் கட்டிப்பிடித்தார். தலையில் சும்மா உட்கார்ந்திருந்த நெல்லிக்காய் அளவுக் கிரீடம் கழன்று விரிப்பில் உருண்டு குழாயின் வாயருகே போய் நின்றது. பதறிப்போன நெல்சன் விரிப்பைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். விரிப்பு வந்துவிட்டது. வாய் விடுபட்ட குழாய், கிரீடத்தை லபக்கென்று விழுங்கியது.

ஜாக்குலின் ஸ்விட்சை அணைத்தாள். ஒன்பது மிஷின்களும் பளபளவென்று வரிசையாக நின்றன.

“வித்தாச்சுன்னு சொன்னீரு?” என்றார் வேதநாயகம், மாதாவை இடுப்பில் வைத்தபடி.

நெல்சன் கையிலிருந்த விரிப்பைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். முடிந்தது கதை என்று ஜாக்குலின் நினைத்தாள். இனி கபாடிவாலா வேண்டாம், இந்த மனுஷனே தூக்கிக் கடலில் போட்டுவிடுவான்.

“அதெல்லாம் பொறவு பாக்கலாம்” என்றாள் கிரேசி. “நான் மாதாவுக்குப் போட்ட கிரீடம் எங்க? வெள்ளியில செஞ்சு தங்கப் பாலீஷ் போட்டது. வேளாங்கண்ணியில வாங்குனது.”

ஜாக்குலின் பேப்பரை விரித்து உருளையைத் திறந்து பையைக் கொட்டினாள். எல்லாரும் சுற்றிக் குத்தவைத்தார்கள். மணல், முடி, ஒரு செத்த பல்லி. கிரேசி கொண்டையூசியால் கிளறிப் பார்த்தாள். கிரீடம் இல்லை. ஜாக்குலின் குழாயைத் தூக்கிக் குலுக்கினாள். கடகடவென்று சத்தம் வந்தது.

“உள்ள வளைவுல சிக்கிருக்கு, மைனி. ஊதி எடுக்கணும்.”

“யாரு ஊதுறது? இம்மாம் நீளத்துக்கு?”

“அதுக்கும் ஆள் இருக்கு” என்று பச்சை மிஷினைக் காட்டினாள்.

அதைத் தட்டிலிருந்து தூக்கி வந்தது நெல்சன். யாரும் சொல்லவில்லை, தானாகவே தூக்கி வந்தான். கிரீடம் போனது தன் இழுப்பால் என்று அவனுக்குத் தெரியும். மிஷினின் பின்பக்கத்தில் குழாயைச் செருகினார்கள். மறுமுனையை யாரிடமும் கொடுக்க கிரேசிக்கு மனமில்லை. “என் கிரீடம், நானே பிடிக்கேன்.” திறந்திருந்த வாசலைப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்விட்ச் போட்டதும் முதலில் தூசி வந்தது. கிரேசியின் தலை, முகம், மாம்பழ நிறச் சேலை எல்லாம் ஒரே சாம்பல் நிறமானது. கண்ணை மூடினாளே தவிர குழாயை விடவில்லை. அடுத்து டொப் என்று ஒரு சத்தம். கிரீடம் எல்லார் தலைக்கும் மேலே பறந்து, சரியாக அந்த நேரம் பார்த்து மழைக்கோட்டோடு படியேறிய கபாடிவாலாவின் நெஞ்சில் பட்டு, அவன் கையிலேயே விழுந்தது.

“அரே பாப் ரே!”

தொழில்காரன். அடிபட்ட நெஞ்சைத் தடவும் முன் கைக்கு வந்த பொருளை நகத்தால் சுண்டிப் பார்த்தான், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

“டின் ஹை” என்றான். “பீதல் பீ நஹீ.”

தகரம். பித்தளைகூட இல்லை.

எல்லார் கண்ணும் கிரேசி பக்கம் திரும்பியது. பிறகு அழகையாவுக்குப் புரைக்கேறியது. அது புரை இல்லை, சிரிப்பு. அவர் பிடித்து வைத்த சிரிப்பு வெடித்ததும் மொத்த அன்பியமும் வெடித்தது. வேதநாயகம் சிரித்த சிரிப்பில் இடுப்பில் இருந்த மாதாவும் குலுங்கினாள்.

கிரேசி கண்ணைத் திறந்தாள். சாம்பல் முகத்தில் இரண்டு கண் மட்டும் தெரிந்தது. நேரே போய்க் கிரீடத்தைப் பிடுங்கினாள்.

“இந்த ஆளுக்கு இங்கன என்ன சோலி?”

“மிஷின எடுக்க வந்திருக்கான், மைனி” என்றான் நெல்சன் ஈனக்குரலில். “நாந்தான் கூப்பிட்டேன்.”

“எது தகரம்னு தெருவுக்கே வெளிச்சம் போட்டுக் காட்டுத ஆளு நமக்கு வேண்டாம். ஒரு ஸ்க்ரூகூடக் குடுக்கக் கூடாது. போகச் சொல்லும்!”

“மைனி, நீங்கதான அன்னைக்குக் காயலான் கடைன்னு...”

“அன்னைக்கு எதுவும் ஓடிச்சா? சும்மால்லா நின்னுது! ஏட்டி ஜாக்குலின், இந்தத் தூசிய எதால எடுப்ப? அதப் போடு.”

ஜாக்குலின் துணிப்பை மிஷினை எடுத்து, குழாயில் சின்ன பிரஷை மாட்டி, கிரேசியின் தோளிலிருந்து இறக்கினாள். சாம்பல் விலக விலக மாம்பழ நிறம் பாதை போட்டுக்கொண்டு வெளியே வந்தது. விலாவுக்கு வந்ததும் கிரேசி துள்ளினாள். “கூசுதுட்டி! கூசுது! நிறுத்து! நிறுத்தாத!” என்று கத்திச் சிரித்தாள். அந்தத் தெருவில் கிரேசி இப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. சிரிக்க முடியும் என்றுகூட யாரும் நினைத்ததில்லை.

அப்புறம் வரிசை கட்டினார்கள். ஒருத்தி சோபாவைச் சுத்தம் செய்தாள், ஒருத்தர் தன் செருப்பை. அழகையா தன் வேட்டி முனையைக் குழாயிடம் காட்டிக் காட்டி இழுத்து விளையாடினார். “கச்சால் தீவுல ரப்பர் காட்டுல இலை அள்ளுறப்ப இது ஒண்ணு இருந்திருக்கணுங்க” என்றார். “இன்னும் ரெண்டு தேவ இரகசியம் பாக்கி இருக்கு” என்று வேதநாயகம் நாலைந்து முறை சொல்லிப் பார்த்தார். யார் காதிலும் விழவில்லை. கடைசியில் அவரே மாதாவைப் பத்திரமாகத் தட்டில், ஆரஞ்சு உருளைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, “அந்த ராக்கெட்டு ஓடுமா?” என்று கேட்டார்.

கபாடிவாலா இன்னும் வாசற்படிக்கு உள்ளேதான் நின்றிருந்தான். ஒரு கை பச்சை மிஷின் மேல் இருந்தது. “லே ஜாவூங் க்யா?” என்றான் நெல்சனைப் பார்த்து. எடுத்துப் போகட்டுமா?

நெல்சன் மனைவியைப் பார்த்தான். “இவங்கிட்ட இப்ப என்ன சொல்ல? இந்த மழையில வண்டி கொண்டாந்திருக்கான்.”

“கூப்பிட்டது யாரு?”

“நாந்தான்.”

“அப்ப நீங்களே சொல்லுங்க.”

ஜாக்குலின் கபாடிவாலாவின் கையை மிஷின் மேலிருந்து எடுத்து, அந்தக் கையில் சூடான பாயசத் தம்ளரை வைத்தாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டே படியிறங்கினான். நெல்சன் கையில் ஒரு குடையைத் திணித்தாள்.

“வண்டி போன பொறவு கதவத் தட்டுங்க.”

“ஏட்டி, ராக்கெட்ட நான் இன்னும் போட்டுப் பாக்கலயே...”

“வேதநாயகம் அண்ணாச்சிக்கு அப்புறம் உங்க முறை.”

முதுகில் கை வைத்து அவனை வெளியே தள்ளினாள். கதவைச் சாத்தி, மேல் தாழ்ப்பாளும் கீழ்த் தாழ்ப்பாளும் போட்டு, சாவியையும் ஒரு சுற்றுச் சுற்றினாள்.