கருப்பன் குடித்த சுருட்டு

எம்புருசன் விருமாண்டி கோச்சடைப் பக்கம் கருப்பசாமி கோயில்ல சாமியாடி. வீட்டுல பீடியக்கூடத் தொடமாட்டாராம். சாமி வந்தா மட்டும் சுருட்டு. முன்னெல்லாம் வெள்ளிக்கு வெள்ளி வந்த சாமி இப்பக் காலையில காப்பி குடிச்சதுமே வந்துருது. எங்க கருப்பனுக்கு அம்புட்டு வேலை!

அவருக்குக் குடலிறக்கம். அடிவயித்துல எலுமிச்சம்பழம் கணக்கா பொடச்சு நிக்கிது. "குடல் சிக்கிக்கிட்டா உயிருக்கே ஆபத்து, சீக்கிரம் ஆபரேஷன் பண்ணணும். ஆனா புகை பிடிச்சா தையல் சேராது, முதல்ல நிறுத்துங்க"ன்னு ஆரப்பாளையத்து டாக்டரம்மா பவதாரிணி சொல்லிருச்சு.

"நான் எங்கிட்டுத் தாயி குடிக்கேன்?"னு மனுசன் அங்கயே கருப்பன் மேல சத்தியம் பண்ணுனாரு. ஒண்ணுக்க டெஸ்ட் பண்ணுனா புகையிலை அப்படியே தெரியுது. மறுமாசம் போனோம், மறுபடியும் அதே கதை.

"அது சாமி குடிச்சதும்மா."

டாக்டரம்மா சிரிக்கல. "சாமி குடிச்சாலும் கழிக்கிறது உங்க ஈரல்தானய்யா? சுருட்டுல இருக்குற நிக்கோடினக் கோட்டினின்ங்கிற கழிவா மாத்தி அதுதான் வெளியேத்தணும். புகை பழகுன உடம்புல அந்த வேலையே மெதுவாத்தான் நடக்கும். அதுக்குள்ள அடுத்த சுருட்டப் பத்த வச்சா எப்படி?"

"கருப்பனுக்கு ஈரல் கெடையாதுல்ல?"ன்னு இவரு பெருமையா என்னையப் பாக்குறாரு. அடப்பாவி மனுசா! சாமிக்கு ஈரல் இல்ல, இவருக்கு மூளை இல்ல.

அந்த வெள்ளிக்கிழமை தீட்டுன அருவா மேல ஏறி நின்னு, "கொண்டாடா சுருட்ட!"ன்னு கருப்பன் உறுமுனாரு. பூசாரி கொண்டாந்தத நான் வெடுக்குன்னு பிடுங்கி முந்தியில முடிஞ்சுக்கிட்டேன். கொட்டடிக்கிறவுக கை அப்படியே நின்னுருச்சு.

"ஐயா கருப்பா, கெடா வேணுமா, வெட்டுறேன். சுருட்டு மட்டும் கேக்காத. எம்புருசன் செத்துருவாருய்யா!" சொல்லும்போதே எனக்கு அழுகை முட்டிருச்சு.

கருப்பன் கண்ண உருட்டுனாரு. பொறவு மெதுவாக் குனிஞ்சு எங்காதுகிட்ட வந்தாரு.

"ஏ செல்லத்தாயி, சுருட்ட விட்டா ஆபரேஷனுக்குத் தேதி குடுத்துருவாகல்ல? எம்புள்ளைக்குக் கத்தின்னா பயம்டி."

நான் கீழ பாத்தேன். ரெண்டு காலும் அருவா மேலதான் நிக்கிது. திட்டணும்னுதான் வாயத் தொறந்தேன், மனசு வரல.

"மயக்க ஊசி போட்டுருவாக, ஒண்ணுந் தெரியாது. நான் கதவுகிட்டயே நிப்பேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"அப்ப கருப்பன் மேல சத்தியம் பண்ணு"ன்னாரு கருப்பன்.