கன்னிமூலையில் மூன்று மணி வெயில்

"பொம்பளையாளுக்குத்தான் ஃப்ரீ. பெட்டிக்கு இல்ல" என்றார் கண்டக்டர்.

அஞ்சலி மடியிலிருந்த ஜவுளிக்கடைக் கட்டைப்பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பைக்குள் ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி. இரண்டு பக்கமும் வலை மாதிரித் துளைகள். குலசேகரத்தில் ஏறியதிலிருந்து பக்கத்து சீட்டு அம்மாவின் கண் அந்தத் துளைகளை விட்டு அகலவில்லை.

"மடியில இருக்கியது லக்கேஜா அண்ணா? அப்பம் பிள்ளைய மடியில வச்சிருந்தா அதுக்கும் டிக்கெட் கிழிப்பியளா?"

பஸ்ஸில் யாரோ சிரித்தார்கள். கண்டக்டர் முன்னால் போய்விட்டார். பக்கத்து சீட்டு அம்மாவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"உள்ள என்ன மக்களே, லவ் பேர்ட்ஸா?"

"கம்ப்யூட்டருக்க கார்டு."

"அதுக்கு என்னத்துக்குக் கூடு?"

"அதுவும் மூச்சு விடணும்லா."

அந்த அம்மா புரிந்ததுபோலத் தலையாட்டினாள். அஞ்சலிக்கு அது போதும். புரியாமலே தலையாட்டுகிறவர்களை அவள் மன்னித்துவிடுவாள். புரிந்துகொண்டே தலையாட்டாதவர்களைத்தான் அவளால் தாங்க முடியாது. அவர்களில் முதல் ஆள் என்ஜினீயர் ஹரிகுமார்.

மார்த்தாண்டத்தில் ஹரிகுமாருக்கு ஆபீஸ். வளைகுடாவில் உழைத்த காசில் வீடு கட்டுகிறவர்களுக்கு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவதற்கு முன்பே வீடு எழும்பி நிற்பதை டிவியில் பார்த்தாக வேண்டும். அந்த வீட்டை எழுப்புவது அஞ்சலியின் வேலை. செங்கல், கிரானைட், போர்ட்டிகோவில் ஒரு வெள்ளைக் கார், மதில் மேல் தொங்கும் காகிதப்பூ வரைக்கும் அவள் கைதான். படத்தின் கீழ்மூலையில் மட்டும் ஹரிகுமாரின் பெயர் இருக்கும். அடுத்தவர் தோட்டத்தில் விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிற இரண்டு பேருக்குப் பிறந்து, அந்தக் குடும்பத்திலேயே முதல் ஆளாகக் காலேஜ் படி ஏறி, சிவில் என்ஜினீயரிங் முடித்தவள். பெயர் போடுங்கள் என்று ஒருநாள் நேராகவே கேட்டாள். ஹரிகுமார் கம்ப்யூட்டரைத் தட்டிக் காட்டினார். "ஆருக்க சிஸ்டத்துல செஞ்சியோ, அவனுக்க படம்."

அவளுக்குக் கோபம் காலைக் காப்பி மாதிரி. உள்ளே போகாவிட்டால் வேலை ஓடாது. அன்றைக்கு உள்ளே போனது பல மாதம் ஓடியது. அவளிடம் இருந்தது எங்கோ ஒரு கம்பெனி கழித்துவிட்ட மெல்லிய லேப்டாப். வீட்டுப் படத்தைத் திறந்தால் முனகும். ஒரு சுவரைத் திருப்பினால் சுவர் யோசித்து யோசித்துத் திரும்பும். பெங்களூரில் வேலை பார்க்கும் காலேஜ் தோழி ஜாஸ்பின்தான் வழி சொன்னாள். லேப்டாப்புக்குள் நுழையாத பெரிய கிராபிக்ஸ் கார்டை வெளியே ஒரு பெட்டியில் வைக்கலாம். பெட்டிக்குத் தனிக் கரண்ட், தனி விசிறி. நடுவில் ஒரே ஒரு கேபிள். வெளியே நிற்கிற கார்டை லேப்டாப் தன் வயிற்றுக்குள் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். பெட்டி ஒருவரிடம், கார்டு வேறொருவரிடம் என்று பழையதாகவே வாங்கிச் சேர்த்தாள். முதல் தடவை இணைத்த அன்று வீடு அவள் விரலோடு நடந்தது. சூரியனைப் பிடித்து இழுத்தாள். முற்றத்தில் தென்னை நிழல் சாய்ந்து சாய்ந்து மதிலில் ஏறியது.

மறுநாள் ஹரிகுமாரிடம் போய், "இனி எனக்க சிஸ்டம், எனக்க பேரு" என்றாள்.

"திருவட்டார் ஷைஜாவுக்க வீட்டுல கொண்டு வந்து ஓட்டிக் காட்டு, பாப்போம். ஓடிச்சுன்னா உனக்க பேரு. ஓடல்லன்னா திங்கக்கிழமை பழைய சேர்ல வந்து வாயத் தொறக்காம இருக்கணும். சம்மதமா?"

"சம்மதம்."

ஷைஜா குவைத்தில் நர்ஸ். லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை விமானம். அதற்குள் வீட்டுப் படத்தை முடிவு செய்ய வேண்டும். கணவனும் அங்கேயே இருப்பதால், இங்கே கட்டுமானத்தைப் பார்த்துக்கொள்ளப் போவது மாமியார் சத்தியபாய். அஞ்சலி பஸ் இறங்கி வந்தபோது, பழைய ஓட்டுவீட்டின் முன்னறையில் இருவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஹரிகுமார் ஏற்கெனவே வந்து பழரசம் குடித்துக்கொண்டிருந்தார்.

அஞ்சலி டிவி ஸ்டாண்டில் பெட்டியை வைத்தாள், டிவியை அதோடு இணைத்தாள், லேப்டாப்பை மேசைக்கே கொண்டுவந்து வைத்தாள். கேபிள் வசதியாக எட்டியது. அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சுவிட்சைப் போட்டாள். பெட்டியில் விளக்கு எரிந்தது. லேப்டாப்பில் சார்ஜ் ஏறியது. டிவியில் நீலத்திரை. சிக்னல் இல்லை.

ஒருமுறை அணைத்துப் போட்டாள். சிக்னல் இல்லை.

"பிஸ்கட் டப்பாவ டிவியில சொருகினா படம் வருமா பிள்ளே?" என்றார் ஹரிகுமார்.

அஞ்சலி, கார்டு அசைந்திருக்குமோ என்று மூடியைத் திறந்து அழுத்திப் பார்த்தாள். ஸ்குரூ எல்லாம் இறுக்கம். பிறகு கேபிளைக் கையில் எடுத்தாள். கறுப்புதான். முனையும் அதே முனைதான். முனையில் இருக்க வேண்டிய மின்னல் அடையாளம் மட்டும் இல்லை. அவளுடைய கேபிள் முழங்கை நீளம்கூட வராது. இது ஒரு ஆள் நீளம் கிடந்தது. போனுக்குச் சார்ஜ் போடுகிற கேபிள். கரண்டைக் கடத்தும், படத்தைக் கடத்தாது.

போனை எடுத்தாள்.

"எம்மா, பைக்குள்ள கெடந்த கேபிள எடுத்தியா?"

மறுமுனையில் தாணம்மாள் பெருமையாகச் சொன்னாள். "மாத்தி வச்சேன் மக்களே. அது வாலு முறிஞ்ச பல்லி கணக்கா குட்டையா கெடந்துது. நாலு பேரு முன்ன நீ குனிஞ்சு வளைஞ்சு நிக்காண்டாம்னு, மாமன் சவுதியிலேருந்து கொண்டு வந்தத வச்சேன். ஒரிஜினல்லா!"

"உனக்கு ஆரு சொன்னா மாத்தச் சொல்லி? கெல்ஃபுலேருந்து வந்தா எல்லாம் ஒஸத்தியா? எனக்க சாமானத் தொடாத, தொடாதன்னு எத்தன வாட்டி பறயணும்? நீ என்ன செஞ்சிருக்கன்னு தெரியுமா?"

சத்தியபாய் குனிந்து தன் சேலை விளிம்பைப் பார்த்தாள். அம்மாவிடம் பிறர் கத்தும்போது அஞ்சலிக்குப் பொறுக்காது. தானே கத்தினாலும் பொறுக்காது என்று இப்போது தெரிந்தது. தாணம்மாள் சாக்கு எதுவும் சொல்லவில்லை. "திருவட்டார்ல எந்த வீடு?" என்று மட்டும் கேட்டாள். அஞ்சலி சொன்னாள். போன் அணைந்தது.

"கேபிள் வருது. கொஞ்சம் இருக்கணும்" என்றாள், மன்னிப்புக் கேட்காத குரலில்.

ஹரிகுமார் அந்த இடைவெளியை வீணாக்கவில்லை. பாக்கெட்டிலிருந்து பென் டிரைவை எடுத்து டிவியில் சொருகினார். பின்னணி இசையோடு வீடு வந்தது. பொன்மஞ்சள் வெளிச்சம், போர்ட்டிகோ, படிக்கட்டு, படுக்கையறை. எல்லாம் அஞ்சலி ஆபீஸ் சிஸ்டத்தில் உட்கார்ந்து செய்தது. கீழ்மூலையில் அவர் பெயர். அவள் கையைக் கட்டிக்கொண்டு தன் வேலையைத் தானே பார்த்தாள். நன்றாகத்தான் செய்திருந்தாள்.

"இந்த பெட்ரூம் எந்தப் பக்கம் சாரே?" என்றாள் ஷைஜா.

"கன்னிமூலையாக்கும். தென்மேற்கு. வீட்டுக்கு ஒடமக்காரங்க அங்கதான் படுக்கணும்."

"மூணு மணிக்கு உள்ள வெயிலு வருமா?"

"நல்ல வெளிச்சம், நல்ல காத்து."

"வெளிச்சம் வேண்டாம்னுதான் சாரே கேக்கேன். நான் நைட் டூட்டிக்காரி. அங்கேருந்து வந்தாலும் எனக்கு ஒறக்கம் பகல்லதான். ஏசி ரூம்ல ஜன்னலுக்கு கறுப்புத் துணி கெட்டிப் படுத்துப் படுத்து மடுத்துப் போச்சு. எனக்க வீட்டுலயாவது இருட்டு வேணும்."

"அதுக்குன்னு கன்னிமூலைய விட்டுட்டு ரூம மாத்தப்பிடாது" என்றாள் சத்தியபாய் அவசரமாக. "அது குடும்பத்துக்கு ஆவாது."

ஷைஜா மாமியாரைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். திரையில் வெயில் அசையவில்லை. வீடியோவில் வெயில் எப்போதும் ஒரே மாலைதான்.

"ரெண்டு நாள்ல வேற வீடியோ செஞ்சு அனுப்புகேன்" என்றார் ஹரிகுமார். சொல்லும்போது அவர் கண் அஞ்சலி பக்கம் போனது. அதை யார் செய்வார் என்று அவருக்கும் தெரியும்.

"ரெண்டு நாள் வேண்டாம்" என்றாள் அஞ்சலி. "கேபிள் வரட்டும். மூணு மணி வெயில இப்பமே காட்டுகேன்."

வெளியே ஆட்டோ நின்றது. தாணம்மாள் உடை மாற்றக்கூட நிற்கவில்லை. நைட்டிக்கு மேல் ரப்பர் வெட்டப் போகும் பழைய ஆண்சட்டை. அதில் ரப்பர்ப் பால்கறை காய்ந்து கறுத்திருந்தது. கையில் டிபன் டப்பா. அதற்குள் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, முட்டையை வைப்பதுபோல் கேபிளை வைத்திருந்தாள். ஹரிகுமார் அந்தச் சட்டையை மேலும் கீழும் பார்த்தார். தாணம்மாள் வாசலிலேயே நின்று டப்பாவை நீட்டினாள்.

"எனக்க அம்மை" என்றாள் அஞ்சலி அறைக்குப் பொதுவாக. பிறகு, "உள்ள வா" என்றாள். குரல் இன்னும் இறங்கவில்லை.

"இருக்கட்டும் மக்களே, சட்டையெல்லாம் நாறும்."

"உள்ள வாம்மான்னு சொன்னேன்லா."

தாணம்மாள் வந்து சுவரோரம் நின்றாள். குட்டைக் கேபிள் மேசை வரை எட்டவில்லை. அஞ்சலி டிவியைப் பெட்டியோடு மறுபடி இணைத்துவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிப் பெட்டிக்கு அருகே தரையில் வைத்துச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். இணைத்தாள். ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு பெட்டியின் விசிறி பெருமூச்சு விட்டுச் சுழன்றது. டிவியில் வீடு எழுந்து நின்றது.

இசை கிடையாது, பொன்மஞ்சள் கிடையாது. அவள் நேராகக் கன்னிமூலை அறைக்குள் போய்ச் சூரியனைப் பிடித்து மூன்று மணிக்கு இழுத்தாள். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் தரையில் விழுந்து, கட்டிலில் ஏறி, தலையணைக்கு வந்தது.

"கர்த்தாவே! எனக்க மூஞ்சியிலேல்லா அடிக்குது!" ஷைஜா நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள்.

"ரூம மாத்தாண்டாம் ஆன்டி" என்றாள் அஞ்சலி சத்தியபாயிடம். மேற்கு ஜன்னலைச் சுவராக்கினாள். தெற்கில் ஒன்றைத் திறந்தாள். அதன் மேல் சன்ஷேடை வெளியே நீட்டினாள். வெயில் தலையணையிலிருந்து இறங்கி, தரையைக் கடந்து வெளியே போனது. மாதத்தை மார்ச்சில் வைத்துப் பார்த்தாள், வெயில் வரவில்லை. டிசம்பரில் ஒரு கீற்று உள்ளே வந்தது. சன்ஷேடை இன்னும் கொஞ்சம் நீட்டியதும் அதுவும் வெளியே போனது. அறையில் நல்ல கனமான நிழல்.

"கொள்ளாம்" என்றாள் சத்தியபாய். "மூலையும் அசையல்ல."

"இதுதான் எனக்கு வேணும்." ஷைஜா ஹரிகுமார் பக்கம் திரும்பினாள். "சாரே, வீட்ட நீங்க கெட்டுங்க. படத்துக்கு அடியில மட்டும் இந்தப் பிள்ளைக்க பேருல்லா வரணும்?"

ஹரிகுமார் கிளாஸில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்தார். "அதெல்லாம் ஆபீஸ்ல இருந்து பேசுவோம் பிள்ளே" என்றார். போன் வந்தது, அல்லது வந்ததாகக் காதில் வைத்துக்கொண்டார். முற்றத்துக்கு இறங்கினார்.

அஞ்சலி அவர் வரும்வரை காத்திருக்கவில்லை. கீழ்மூலையில் இருந்த அவர் பெயரை அழித்துவிட்டு, தா. அஞ்சலி என்று அடித்தாள். அம்மாவின் முதலெழுத்து. சிஸ்டம் யாருடையதோ, படம் அவருடையது. முற்றத்தில் நின்றபடி ஹரிகுமார் ஜன்னல் வழியாக டிவியைப் பார்த்தார். போன் காதிலிருந்து இறங்கியது.

"இன்னொரு வாட்டி கேட்டுலேருந்து காட்டு" என்றாள் ஷைஜா. "உனக்க அம்மையும் பாக்கட்டும்."

அஞ்சலி கேட்டைத் திறந்தாள். முற்றத்து நிழலைத் தாண்டினாள். போர்ட்டிகோ, மூன்று படி. தேக்குக் கதவு திறந்து வாசல் நெருங்கி வந்தது. அப்போதுதான் பக்கத்தில் அசைவு தெரிந்து நிமிர்ந்து பார்த்தாள். தாணம்மாள் தன்னையறியாமல் தலையைக் குனிந்திருந்தாள். அவர்கள் வீட்டு வாசலில் இடித்துக்கொள்ளாமல் நுழைய எப்படிக் குனிய வேண்டுமோ, அதே அளவு.

அஞ்சலியின் விரல் நின்றது. வாசலின் நேர் நடுவில் வீடும் நின்றது.

"தலைய நிமித்தும்மா" என்றாள். "வாசல் ஏழடி."

தாணம்மாள் நிமிர்ந்தாள். பெட்டியிலிருந்து வந்த சூடான காற்றில் அவளுடைய பால்கறைச் சட்டையின் நுனி படபடத்துக்கொண்டிருந்தது. அஞ்சலி விரலை அழுத்தினாள்.