ரமேஷ்பாபுவின் சாம்பார்

குக்கர் நான்காவது விசில் அடித்தபோதுதான் ரமேஷ்பாபு சமையலறைக்குள் வந்தான். பூர்ணிமாவின் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு மொபைலை அவளிடம் நீட்டினான்.

"சாம்பார் கிண்டற மாதிரி ஒண்ணு எடு. ஆவி தெரியணும்."

எடுத்தாள். எட்டு மாதமாக எடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள். காய் நறுக்குவது, அரைப்பது, பாத்திரம் துலக்குவது எல்லாம் அவள். 'இன்றும் என் ராணிக்கு ஓய்வு, சமையல் நானே' என்று பதிவு போடுவது அவன். கொல்கத்தாவின் டாலிகஞ்ச் குடியிருப்பே அதற்கு இதயம் போட்டது. "நீ கொடுத்துவச்சவ" என்று எதிர்வீட்டு மிதாலி பௌதி, அதாவது வங்காளத்து அண்ணி, சொல்லும்போதெல்லாம் உண்மை பூர்ணிமாவின் நாக்கு நுனிவரை வரும். விழுங்கிவிடுவாள்.

அன்று பௌதி வாசலிலேயே நின்று சொன்னாள். "ரமேஷ்தா, ஆனந்தமேளால உங்க பேரைப் போட்டாச்சு. அங்கயே தோசை வார்க்கணும்."

துர்கா பூஜைப் பஞ்சமியன்று குடியிருப்புக்காரர்கள் வீட்டுச் சமையலை மேஜை போட்டு விற்கும் மேளா அது. வீட்டுக்கு ஒரு மேஜைதான். பூர்ணிமா போன மாதமே தன் பெயரைச் சொல்லி வைத்திருந்தாள்.

பௌதி போனதும் அவன் குரல் இறங்கியது. "நீயும் பக்கத்துல நில்லு பூர்ணி. உதவி பண்ற மாதிரி."

உதவியாம். பூர்ணிமா அடுப்பை அணைத்தாள்.

"ஃபோட்டோல இருக்கறவரு தங்கமான மனுஷருங்க. அவரோட குடித்தனம் பண்ண எனக்கும் ஆசைதான். வீட்டுப் பக்கம்தான் வரவே மாட்டேங்கறாரு. நான் மாவு மட்டும் அரைச்சுத் தரேன்."

பஞ்சமி மாலை, பூர்ணிமா புதுப்புடவையில் பந்தலின் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தாள். ரமேஷ்பாபுவின் மேஜை முன்னால் பெரிய வரிசை. முதல் தோசை கல்லைவிட்டு வரவில்லை. இரண்டாவது கந்தலாக வந்தது. மூன்றாவது கரிந்தது. அவன் அவளைப் பார்த்தான். அவள் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டாள்.

"எனக்குத் தோசை வார்க்கத் தெரியாது," என்றான், வரிசையைப் பார்த்து. "இத்தனை நாள் நீங்க பார்த்ததெல்லாம் பூர்ணிமா சமைச்சது. நான் கரண்டியோட நின்னேன், அவ்வளவுதான்."

மேஜைமேல் இருந்த பெயர்ப் பலகையில் தன் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரை எழுதினான்.

பூர்ணிமா எழுந்து வந்து கல்லைத் துடைத்தாள்.

"ஊருக்கு நல்லவராத் தெரியறது ரொம்ப சுலபங்க. கூட இருக்கறவ கண்ணுக்கு நல்லவரா இருங்க. அது போதும். இப்ப வெங்காயம் நறுக்குங்க."

நறுக்கினான். கண்ணில் நீர் கொட்டியது. பௌதி சிரித்தபடி மொபைலைத் தூக்கினாள்.

"வேண்டாம் பௌதி," என்றான். "இன்னும் கத்துக்கல."