நீலாயதாட்சிக்கு ஓர் இலக்கணப் பாடத்திட்டம்

1

ஒரு கேள்விக்குப் பதில் தெரியாததால் எழுதப்படுகிற கதை இது. மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி தொலைபேசியில் கூப்பிட்டார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கிறாராம். "நீங்க எழுதுறவங்கதானே. புள்ளைங்களுக்குத் தமிழ் இலக்கணம் சொல்லிக்கொடுக்க எந்தப் பாடத்திட்டம் நல்லா இருக்கும், சொல்லுங்க" என்றார்.

எழுதுகிறவனுக்கு இலக்கணம் தெரிந்திருக்கும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் புல்லரித்துப்போனது. (என் பிழைகளைத் திருத்தும் மாலதி, பதிப்பகத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் இந்த நம்பிக்கையில் சேரமாட்டார்.) யோசித்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். நாளை வந்தது, போனது. பதில் தெரியாதபோது கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கேட்டவரையே பாத்திரமாக்கிவிடலாம். பெயரை மாற்றி, ஊரைக் கொஞ்சம் தள்ளிவைத்தால் போதும், கேள்வி அவருடையதாகிவிடும், நமக்குப் பொறுப்பில்லை.

இனி அவர் பெயர் அனுராதா.

2

தொடக்கம், முதல் முயற்சி: காவிரியில் நுரை சுழித்தோடிய அந்தப் புரட்டாசி மாலையில், சேலைத் தலைப்பைக் காற்றில் அலையவிட்டபடி அனுராதா —

[நிறுத்திவிட்டேன். டெல்டாக் கதை என்றதும் பேனா தானாக ஆற்றங்கரைக்கு நடந்துவிடுகிறது. அனுராதா ஆற்றைப் பார்த்து மாதக்கணக்காகிறது. பார்த்தாலும், தண்ணீர் மேட்டு வயலுக்கு ஏறுமா ஏறாதா என்றுதான் பார்ப்பாள்.]

இரண்டாம் முயற்சி: இலக்கணம் என்பது ஒரு மொழியின் எலும்புக்கூடு. அதை —

[வேண்டாம். வாசலிலேயே எலும்புக்கூட்டைத் தொங்கவிட்டால் யார் உள்ளே வருவார்?]

மூன்றாவது, நடந்தது நடந்தபடியே: சமையல் மேடையில் மூன்று பாடத்திட்டங்கள் கிடந்தன. தோசைமாவுப் பாத்திரத்தை வைக்க இடமில்லாமல் அனுராதா அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதல் திட்டம் சென்னையில் ஒரு நிறுவனம் நடத்துவது. எல்லாம் விதியில் தொடங்கும். எழுத்து, அப்புறம் சொல், அப்புறம் வாக்கியம். வாராவாரம் தேர்வு, வெள்ளிக்கிழமைக்குள் குழந்தை ஆகுபெயரை விழுங்கியாக வேண்டும். இரண்டாவது, அரசுப் பாடநூல்களின் இலக்கணப் பகுதிகளை மட்டும் உருவியெடுத்து, ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டது. மூன்றாவது இயற்கைவழிக் கல்விக்காரர்களுடையது. பன்னிரண்டு வயதுவரை இலக்கணம் என்ற சொல்லையே பிள்ளையின் காதில் போடாதீர்கள் என்பது அதன் சாரம். அதைச் சொல்ல அவர்களுக்கு ஒரு தலையணை கனத்துக்குக் காகிதம் தேவைப்பட்டிருந்தது.

மூன்றையும் படித்துவிட்டாள். முதலாவதைப் படிக்கும்போது மற்ற இரண்டும் சோம்பேறித்தனம் என்று தோன்றியது. மூன்றாவதைப் படிக்கும்போது முதலாவது கொலைபாதகம் என்று தோன்றியது. இரண்டாவதைப் படிக்கும்போது தூக்கம் வந்தது. ஆனால் அது அரசாங்கத்தினுடையது, பின்னாளில் பரீட்சை வைக்கப்போகிறவர்களும் அவர்கள்தான்.

அவளுடைய தோழி நுஸைபா மயிலாடுதுறையில் மூன்று பிள்ளைகளை வீட்டில் படிக்கவைக்கிறவர். ஒரே காலைப்பொழுதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு மீன் வாங்கப் போனவர். அவர் குரல் செய்தி அனுப்பினார்: "ஏம்மா அனு, மாப்பிள்ளை பாக்குறப்பகூட நாங்க இவ்வளவு விசாரிக்கலையே. புடிச்சா வச்சுக்க, புடிக்கலன்னா மாத்து. புஸ்தகந்தானே, தலாக்கா சொல்லப்போற?"

அனுராதாவால் சிரிக்க முடியவில்லை. அவளுக்குக் கெடு இருந்தது.

3

கெடு வைத்தவர் கணவர் சூர்யபிரகாஷ். சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு வந்து, அப்பாவின் நிலத்தில் குறுவை போட்டிருந்தார். அறுப்பு முடிந்து, நெல் அரசுக் கொள்முதல் நிலையத்து வாசலில் குவிந்துகிடந்தது. ஈரப்பதம் அதிகம் என்று எடைபோட மறுத்துக்கொண்டிருந்தார்கள். வானமோ தினமும் சாயங்காலம் கறுத்துக்கொண்டு வந்து பயங்காட்டியது. அந்த மனிதரைக் கெட்ட கணவராக ஒரு வரைவில் எழுதிப்பார்த்தேன். ஒட்டவில்லை. இரண்டு வேளை நெல்லைக் கிளறிவிட்டு வருகிற ஆள், பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் முடிவாகவில்லை என்றால் என்ன சொல்வாரோ அதைத்தான் சொன்னார்.

"சரஸ்வதி பூஜைக்கு எந்தப் புத்தகத்தை வைக்கிறியோ வையி. விஜயதசமி அன்னைக்குக் காலையில புள்ளைங்க அதைத் தொறந்து படிக்கணும். அதுக்குள்ள உன்னால ஆகலன்னா லீவு முடிஞ்சதும் பழையபடி ஸ்கூலு. நானும் மனுஷன்தானே அனு, எத்தனை எடத்துல காத்துக் கெடக்கிறது?"

இங்கே பிள்ளைகளை அறிமுகப்படுத்த வேண்டும். மூத்தவள் நீலாயதாட்சி, ஒன்பது வயது. நாகப்பட்டினத்து அம்மன் பெயரை நேர்ந்துகொண்டு வைத்தது; நீலா என்று கூப்பிடுவார்கள். முதல் வரைவில் இவள் ஒருத்திதான். பிறகு, தொலைபேசியில் வந்த கேள்வி 'புள்ளைங்களுக்கு' என்று இருந்தது நினைவுக்கு வந்து, இரண்டாம் வரைவில் அபயாம்பிகையைச் சேர்த்தேன். நேராக ஆறு வயதில் பிறந்தவள்.* அபயா வாயை மூடுவது தூக்கத்தில்தான், அதுவும் நிச்சயமில்லை.

[* பிரசவம் பார்க்காமல், பால் கொடுக்காமல், பல் முளைத்த பிள்ளை கிடைத்ததற்கு அனுராதா எனக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.]

நீலா அப்படியல்ல. மூன்றாம் வகுப்பில் அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். திடீரென்று அல்ல, வாய்க்காலில் பாசன முறை மாறும்போது தண்ணீர் வற்றுவதுபோல. வகுப்பாசிரியை அவள் சொன்ன ஒவ்வொன்றையும் நடுவில் நிறுத்தி, திருத்தி, மறுபடி முழுவாக்கியமாகச் சொல்லவைத்தார். அந்த அம்மாளையும் கெட்டவராக எழுத முடியவில்லை. அக்கறையோடுதான் செய்தார். அக்கறை தாங்காமல் நீலா வாக்கியங்களைச் சுருக்கினாள், சொற்களாக்கினாள், பிறகு தலையாட்டலாக்கினாள். கடைசியில் வருகைப்பதிவுக்கே கையை மட்டும் தூக்கினாள். வீட்டிலும் அதே. அனுராதா ஒருநாள் பள்ளிக்குப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தவள்தான், திரும்ப அனுப்பவில்லை.

பேச்சு திரும்பிவர வெகுகாலம் ஆனது. முதலில் அபயாவிடம். அப்புறம் அறுத்த வயலில் மேய வந்த வாத்துக் கூட்டத்திடம். கொல்லைப்படியில் உட்கார்ந்து அவற்றுக்குப் பெயர் வைத்து, சண்டை மூட்டி, சம்பந்தம் பேசி முடிப்பாள். நேற்று நடந்ததையும் நாளை நடக்கப்போவதையும் ஒரே வாக்கியத்தில் போட்டு ஆட்டுவாள். அனுராதா சமையலறையில் அசையாமல் நின்று கேட்பாள். குழம்பு அடிப்பிடித்தாலும் அசையமாட்டாள்.

ஆக, அனுராதாவின் பயம் என்ன என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. பாடத்திட்டம் தேறாவிட்டால் பள்ளி. பள்ளிக்குப் போனால் இந்தக் கொல்லைப்படிப் பேச்சு போய்விடும். பாடத்திட்டம் தவறாக அமைந்தாலும் போய்விடும்.

4

சென்னைக்காரர்களின் திட்டத்தில் 'நிலை அறிதல்' என்று ஒரு பகுதி இருந்தது. குழந்தை அறியாதபடி அதன் இயல்பான பேச்சைப் பதிவு செய்யுங்கள். அதில் உள்ள பிழைகளை வகைப்படுத்துங்கள். எந்தப் பாடத்தில் தொடங்கலாம் என்று தெரியும். அனுராதாவுக்கு இருட்டில் சுவிட்சு தட்டுப்பட்டதுபோல் இருந்தது. இந்தத் திட்டத்துக்கு மட்டுமா? மூன்றுக்குமே இது அளவுகோலாகுமே.

இப்படி ஒரு தப்பை அக்கறையில்லாத தாய் செய்யமாட்டாள்.

கொல்லை வாசற்படிக்குப் பக்கத்தில் தவிட்டு மூட்டை. அதன்மேல் ஒரு துண்டு, துண்டுக்குள் கைப்பேசி. நீலா வாத்துகளிடம் பேசியதெல்லாம் அதில் விழுந்தது. சாயங்காலம் அனுராதா சமையலறையில் உட்கார்ந்து அதைப் போட்டுக் கேட்டாள். நிறுத்தினாள். பின்னுக்குத் தள்ளி மறுபடி கேட்டாள். வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள்: இது காலம் மாறியிருக்கு. இது எழுவாயே இல்ல. இது... இது என்னன்னே தெரியல.

அடுப்பை அணைக்கத் திரும்பியபோது வாசற்படியில் நீலா நின்றுகொண்டிருந்தாள். கைப்பேசிக்குள் இருந்த நீலா ஒரு வாத்துக்குக் கல்யாணம் நிச்சயம் செய்துகொண்டிருந்தாள். வெளியே நின்ற நீலா அதைக் கேட்டாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

மறுநாள் கொல்லைப்படியில் வாத்துகள் மட்டும் பேசின.

அனுராதா நுஸைபாவைக் கூப்பிட்டு அழுதாள். நுஸைபா வழக்கம்போல் கேலி செய்யவில்லை. "புள்ள வாத்தைச் சாக்கா வச்சு உன்கிட்டதான் பேசுதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கு அனு" என்றார்.

5

[இங்கே கதையை நிறுத்திவிட்டு ஒன்றைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. இதுவரை நீலா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, கவனித்தீர்களா? மேலே போய்ப் பாருங்கள். பெரியவர்கள் எல்லாரும் பேசிவிட்டார்கள், சென்னை நிறுவனத்தின் கையேடுகூடப் பேசிவிட்டது.

நான் முயலாமல் இல்லை. வாத்துக் கல்யாணத்தை அவள் வாயாலேயே ஒரு பக்கம் எழுதியிருந்தேன். முதல் தடவை படித்தபோது ஒரு இடம் இடறியது, சரிசெய்தேன். இரண்டாம் தடவை இன்னொன்று. பிறகு அது மாலதியிடம் போனது. அவர் தம் வேலையை ஒழுங்காகச் செய்பவர். திரும்பி வந்தபோது அது ஒரு ஒன்பது வயதுப் பெண்ணின் பேச்சாக இல்லை. வானொலியில் வேளாண் செய்தி வாசிப்பதுபோல் இருந்தது. பழையபடி மாற்றலாம் என்று உட்கார்ந்தேன். வரவில்லை. நீலா என்னிடமும் பேச்சை நிறுத்திவிட்டாள்.

ஆகவே அனுராதாவைப் பற்றி இனி நான் உயர்ந்த இடத்திலிருந்து எதுவும் சொல்லமாட்டேன்.]

6

சரஸ்வதி பூஜையன்று காலையில் சூர்யபிரகாஷ் டிராக்டரைக் கழுவி, சந்தனம் வைத்து, மாலை போட்டார். கூடத்தில் பலகைமேல் பட்டுத்துணி விரித்து அனுராதா புத்தகங்களை அடுக்கினாள். முடிவெடுக்க முடியாததால் மூன்றையும் வைத்தாள். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை யாரும் தொடக்கூடாது, அன்று முழுக்க எழுத்துமில்லை படிப்புமில்லை என்பது இந்த வீட்டில் கண்டிப்பு. அந்த ஒரு நாளாவது எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை என்று நினைத்தாள்.

நீலா அம்மாவின் அருகில் வந்தாள். அவள் கையிலிருந்த கைப்பேசியை மெல்ல வாங்கினாள். மூன்று பாடத்திட்டங்களுக்கும் மேலே, நடுவில், நேராக வைத்தாள். அபயா ஓடிவந்து அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள்.

"அம்மா போனுமா?" என்றார் சூர்யபிரகாஷ்.

"சாமிகிட்ட வச்சாச்சு. இனிமே எடுத்தா சாமி கண்ணக் குத்திடும்" என்றாள் அபயா.

அனுராதா கை நீட்டவில்லை. சூடம் காட்டினாள், சுண்டல் கொடுத்தாள். மதியத்துக்கு மேல் அவள் கைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எதையும் தேட முடியாது, யாரையும் கேட்க முடியாது, ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. கொல்லைப்படியில் போய் நீலாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வயலில் வாத்துகள் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தன.

"நீ அதுங்ககிட்ட பேசுனத நான் ஒளிச்சுவச்சு எடுத்தேன். தப்புதான்டி" என்றாள்.

நீலா எழுந்து போகவில்லை. அனுராதா மேலே எதுவும் கேட்காமல் இருந்தாள். கேட்காமல் இருப்பது அவ்வளவு கடினமான வேலை என்று அவளுக்கு அதுவரை தெரியாது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இருவரும் அதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

7

விஜயதசமி காலையில் மழை பிடித்துக்கொண்டது. சூர்யபிரகாஷ் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்கு ஓடினார். திரும்பிவந்து நிலைப்படியில் நின்றபோது தலையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. நெல்லை மூடிவிட்டாரா, நனைந்துவிட்டதா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. "என்ன அனு, எதைத் தொறக்கப்போறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

இந்த இடத்துக்கு என்னிடம் சில முடிவுகள் இருக்கின்றன.

அனுராதா ஸ்பைரல் போட்டதை எடுக்கிறாள். பெரிய நன்மையும் இல்லை, பெரிய கெடுதலும் இல்லை. உலகத்தில் பெரும்பாலான முடிவுகள் இப்படித்தான் எடுக்கப்படுகின்றன என்பதால் இது நம்பும்படியானது. அல்லது, மூன்றையும் கொண்டுபோய் வாய்க்காலில் விடுகிறாள். காகிதங்கள் மிதந்து —

[இல்லை. நெல்லை மூடத் தார்ப்பாய் பற்றாத வீட்டில் அத்தனை நல்ல காகிதத்தை யாரும் தண்ணீரில் விடமாட்டார்கள். அடியில் விரிக்கவாவது ஆகும்.]

அல்லது, லீவு முடிந்து பள்ளி வேன் வாசலில் நிற்கிறது. இதை எழுதிவைத்திருந்தேன். இரண்டு பத்திக்கு மேல் கை போகவில்லை. ஆனாலும் நடக்க முடியாதது என்று சொல்லமாட்டேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பலகையிலிருந்து அனுராதா மூன்றையும் இறக்கினாள். கைப்பேசியை எடுக்கவில்லை, அது பொட்டோடு பட்டுத்துணிமேலேயே கிடந்தது. நீலாவை எதிரில் உட்காரவைத்தாள். "அப்பா கேக்குறாங்க. எனக்குத் தெரியலடி. நீ சொல்லு" என்றாள்.

நீலா மூன்றையும் புரட்டினாள். முதலாவதில் ஏதோ ஒரு பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். மழைச் சத்தம். அபயாகூடப் பேசவில்லை. சூர்யபிரகாஷ் தலையைத் துவட்டாமல் நின்றார்.

நீலா வாயைத் திறந்தாள்.

முதல் சொல் என் காதில் விழுந்துவிட்டது. இரண்டாவதும். நீளமாக வரும்போலிருக்கிறது, வாத்துகளும் அதில் வருகின்றன. எழுதிக்கொள்ளக் கை பரபரக்கிறது. எழுதினால் ஒரு இடம் இடறும், சரிசெய்வேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் பேனாவை மூடிவைக்கிறேன். அவள் எதைச் சொல்கிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டிய மூன்று பேரும் அந்தக் கூடத்தில் இருக்கிறார்கள்.

நீங்கள் இன்னும் வாசலில் நின்றால், ஏதாவது ஒரு முடிவை வைத்துக்கொண்டு கிளம்புங்கள். எது என்று எனக்குச் சொல்ல வேண்டாம். போகும்போது சத்தம் போடாமல் போங்கள், பேசிக்கொண்டிருக்கிறாள்.